இறக்கத்தில் வலிக்கும் தொடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களைத் தொட்டபெட்டாவுக்கு நடத்திச் சென்று திரும்பினால், மறுநாள் காலை பாதிப் பேர் படியிறங்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று படித்திருக்கிறேன். அது தவறு என்று நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். தவறென்றால், பாடத்துக்குள் அது எப்படி வந்தது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவளை வழியாக வந்தது. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளைத் தசையைக் களைக்கும்வரை இயக்கியபோது அதில் லாக்டிக் அமிலம் சேர்வதையும், ஆக்சிஜனில் வைத்தால் அது குறைவதையும் கண்டார்கள். சோதனை அருமையானது, ஆனால் ரத்த ஓட்டம் அறுபட்ட தசையில் உண்டாகும் அமிலத்துக்கு வெளியேற வழியில்லை என்பதைப் பின்னால் வந்தவர்கள் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை. தசை ஆய்வுக்காக ஏ.வி. ஹில்லும் மேயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற காலத்தில், ஆக்சிஜன் போதாமல் அமிலம், அமிலத்தால் களைப்பு என்ற விளக்கம் வேரூன்றிவிட்டது. ஹில்லைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஓடி, தம் மூச்சுக்காற்றையே பிடித்து அளந்தவர் அவர்.

அந்த விளக்கம் இடறியது ஒரு மலையில்தான். 1935இல் ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தினர் இடம்பெற்ற குழு ஒன்று சிலி நாட்டுக்குச் சென்றது. அங்கே கந்தகச் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 5,300 மீட்டரில், அதாவது தொட்டபெட்டாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில், குடியிருந்தார்கள். ஆக்சிஜன் குறைவதுதான் காரணமென்றால் மேலே போகப்போக அமிலம் கூடியிருக்க வேண்டும். உயரத்துக்குப் பழகிய உடல்களிலோ, கடும் உழைப்புக்குப் பிறகும் அது குறைந்தே இருந்தது. 1980களில் ஜார்ஜ் புரூக்ஸ், லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம்) கழிவல்ல, ஒரு தசை அனுப்ப இன்னொரு தசையும் இதயமும் எரித்துக்கொள்ளும் எரிபொருள் என்று காட்டினார்.

உங்கள் மாணவர்களின் வலிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரத்தத்தில் கூடிய லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அவர்களுக்கு வலிப்பதோ மறுநாள். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. அப்போது தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே வலிக்குக் காரணம். தசை கிழிவதாலேயே இவ்வலி வருகிறது என்று அமெரிக்காவின் தியோடர் ஹஃப் 1902இலேயே எழுதிவிட்டார், தவளைச் சோதனைக்கு ஐந்தாண்டு முன்பே!

அடுத்த முறை பாதிப் பேரை ஏற்றத்தில் மட்டும் நடக்கவைத்து, வண்டியில் கீழே அழைத்து வாருங்கள். மறுநாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நிற்பவர்கள் யாரென்று பார்த்து எழுதுங்கள்.