மகள் பொருளியல் படிக்கட்டுமா? மட்டக்களப்புப் படுவான்கரைத் தகப்பன் ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

மகளின் உயர்தரப் பெறுபேற்றையும் உங்கள் கேள்விகளையும் பார்த்தேன். வணிகப் பிரிவில் பொருளியலுக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் பி. நல்ல பெறுபேறு. பிள்ளை பொருளியல்தான் என்று நிற்கிறாள், நீங்கள் முகாமைத்துவம் என்கிறீர்கள், உங்கள் மைத்துனர் கணக்காளர் பரீட்சை எடுக்கட்டும் என்கிறார். "பொருளியல் படித்து என்ன உத்தியோகம், கடைசியில் பிரதேச செயலகத்தில் ஒரு மேசைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரதேச செயலக மேசை அப்படியொன்றும் கேவலமானது இல்லை. ஆனால் உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. கையில் பட்டத்தை வைத்துக்கொண்டு 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பிள்ளைகள் வேலை கேட்டு இருந்ததைப் பார்த்த பெற்றோருக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் சொல்லப்போவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பொருளியலை நோட்ஸ் பாடமாக்கி எழுதும் பாடமாக எடுத்தால் அந்த வேலை கேட்கும் வரிசையில்தான் போய் நிற்க வேண்டிவரும். கணக்கோடும் தரவோடும் சேர்த்துப் படித்தால் அது வேறு படிப்பு, வேறு வேலைகள். இரண்டுக்கும் பட்டச் சான்றிதழில் பெயர் ஒன்றுதான். அதனால் "பொருளியலா முகாமைத்துவமா" என்று கேட்பதை விட, "எந்தப் பொருளியல், எப்படிப் படிக்கப்போகிறாள்" என்று கேட்பது பிரயோசனம்.

உங்களுக்குத் தெரிந்த வேளாண்மையை வைத்தே சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, சாதாரண பெரும்போகத்தில் உங்களுக்கு 100 மூடை, மூடை 7,000 ரூபா என்று வைப்போம். கையில் 7 லட்சம். அடுத்த போகம் மழை சரியாகப் பெய்து, குளத்திலும் தண்ணீர் நின்று, வட்டை முழுக்க நல்ல விளைச்சல். உங்களுக்கு 120 மூடை. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் விளைந்திருக்கிறது, வெட்டும் ஒரே கிழமைக்குள் முடிகிறது. விலை 5,500க்கு இறங்கினால் கையில் 6 லட்சத்து 60 ஆயிரம். கூட விளைந்தும் குறையத்தான் கிடைக்கிறது. மில்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேசிக்கொள்வோம். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் யாரும் ஏமாற்றாவிட்டாலும் இது நடக்கும். சோறு மலிந்தால் மனிதர் இரண்டு மடங்கு சாப்பிடப் போவதில்லை. கூடுதலாக வந்த நெல்லை விற்க விலை நிறையவே இறங்க வேண்டியிருக்கிறது. மகளின் உயர்தரப் புத்தகத்தில் கேள்வி நெகிழ்ச்சி என்று இருப்பது இதுதான். உரக்கடைக் கடன், உழவு மெஷின் கூலி, காயப்போட இடமில்லாத ஈர நெல் என்று உங்களைக் காத்திருக்க விடாமல் செய்யும் காரணங்களையும் சேர்த்தால் அது நுண்பாகப் பொருளியல். தனி ஆளும் குடும்பமும் கடையும் மில்லும் எப்படி முடிவெடுக்கின்றன என்று பார்க்கும் பகுதி.

மற்றப் பெரிய பகுதி, முழு நாட்டின் பொருளாதாரத்தையும் ஒன்றாகப் பார்க்கும் பேரினப் பொருளியல். அதை விளக்க எனக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை, 2022ஐ நாம் எல்லோரும் வரிசையில் நின்று படித்தோம். டொலர் ஒன்று 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அதே ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளியால் கூட்டியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதமானது. சனம் சாப்பாட்டுக்கே கஷ்டப்படும்போது வட்டியை ஏன் கூட்டினார்கள்? நகை அடகு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. அதற்கு ஒரு விடை இருக்கிறது, அந்த விடையை மறுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் எண்களோடு விளங்கிக்கொள்வதுதான் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வருடங்களில் நடக்க வேண்டிய வேலை.

இந்த இரண்டும் அத்திவாரம். கிளைகள் பிறகு வரும், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வருடங்களில். அரச நிதி என்று ஒன்று: 2019 கடைசியில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், 2024 ஜனவரியில் அதே வரி 18 ஆனது. இடையில் என்ன நடந்தது, யார் பையிலிருந்து போனது என்று பார்க்கும் பாடம். சர்வதேசப் பொருளியல், பணமும் வங்கியும், ஊழியப் பொருளியல், சூழல் பொருளியல் என்று இன்னும் உண்டு. ஊழியப் பொருளியலை நம் ஊர்ப் பிள்ளைகள் ஏன் அதிகம் எடுப்பதில்லை என்று எனக்கு விளங்குவதில்லை. வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர்தான் இந்த நாட்டில் தொழிற்படையில் இருக்கிறார்கள். அதே நேரம் நம் கிராமங்களில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய் இல்லாத ஒழுங்கை குறைவு. அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

அபிவிருத்திப் பொருளியலும் விவசாயப் பொருளியலும் நம் பக்கத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கும். வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையையும் கிழக்கே எழுவான்கரையையும் இணைக்கும் மண்முனைப் பாலத்தை எடுங்கள். 2014க்கு முன்னர் நீங்கள் நெல்லோடு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் மறந்திருக்காது. பாலம் வந்தபின் போக்குவரத்துச் செலவு எவ்வளவு குறைந்தது, அந்தக் குறைவு கமக்காரன் கைக்கு வந்ததா, லொறிக்காரன் கையோடு நின்றதா, படுவான்கரைக் காணி விலை எவ்வளவு ஏறியது, எழுவான்கரையில் வைத்தியசாலைக்குப் போய்ச்சேரும் நேரம் என்ன ஆனது? இவை எல்லாவற்றையும் ரூபாவில் போட்டு, கட்டிய செலவோடு ஒப்பிடுவதைச் செலவு–நன்மை ஆய்வு என்பார்கள். அம்பாறைப் பக்கம் போனால் ஒலுவில் துறைமுகம் நிற்கிறது. 2013இல் திறந்தார்கள், வாயில் மண் மூடியது, பக்கத்தில் கடல் கரையை அரித்தது, தென்னந்தோப்புகள் போயின. அரிக்கப்போகும் கரையின் பெறுமதியைத் திட்டச் செலவில் யார் எழுதுவது? பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று தனி அத்தியாயமே உண்டு. நிந்தவூரிலும் ஒலுவிலிலும் அந்த அத்தியாயம் வீட்டு வாசல் வரை வந்தது.

நுண்கடனும் இதற்குள்தான் வருகிறது. கிழமைக்குக் கிழமை கடன் வசூலிக்க வருகிறவருக்குப் பயந்து பின்கதவால் போகும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வங்கி ஏன் அவர்களிடம் வரவில்லை, வந்த நிறுவனங்கள் ஏன் அத்தனை வட்டி கேட்டன, குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தால் யாருக்கு லாபம் என்பதெல்லாம் உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்யும் கேள்விகள். 2019இல் பனர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது வறுமையைக் குறைக்கும் திட்டங்களைக் களத்தில் பரிசோதித்துப் பார்த்த முறைக்காகத்தான்.

அப்புறம், பிள்ளைகள் ஓடி ஒளியும் பகுதி ஒன்று: புள்ளிவிபரவியலும் பொருளாதார அளவையியலும். மாணவர் வாயில் எகனோமெட்ரிக்ஸ். உர மானியம் கிடைத்த கமக்காரருக்கு ஏக்கருக்கு விளைச்சல் கூட என்று ஒரு அறிக்கை சொன்னால், "சரி, மானியம் வேலை செய்கிறது" என்று எழுதிவிடலாம். ஆனால் மானியம் கிடைத்தவர்கள் எல்லோரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்தில் இருந்தால்? கிடைக்காதவர்கள் மானாவாரியாக இருந்தால்? விளைச்சலைக் கூட்டியது உரமா தண்ணீரா? இதைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்குத்தான் திட்டமிடல் பிரிவிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களிலும் மரியாதை. ஸ்டேட்டா, ஆர் என்று இதற்கு மென்பொருட்கள் இருக்கின்றன; ஆர் இலவசம். நுண்கணிதம் கொஞ்சம் வேண்டும். உயர்தரப் பொருளியலில் வரைபடத்தோடு தப்பிவிடலாம், பல்கலைக்கழகத்தில் தப்ப முடியாது. மகள் சாதாரண தரக் கணிதத்தில் என்ன எடுத்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை விடவும், கணக்கு என்றால் அவளுக்கு முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெறுப்பாக இருந்தால் நான் பொருளியலைச் சொல்லமாட்டேன், ஏ எடுத்திருந்தாலும் சரி.

எங்கே படிப்பது? கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், வர்த்தக முகாமைத்துவ பீடத்தில் பொருளியல் துறை இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு மூன்றிலும் கலைப் பீடங்களில் பழைய துறைகள். (உயிரியல் படித்த உறவுக்காரப் பிள்ளைகள் யாரும் இருந்தால் விவசாய பீடம் வழியாகவும் விவசாயப் பொருளியலுக்குப் போகலாம்.) எந்தப் பீடம் என்பதில் கவனம் வேண்டும். வர்த்தகப் பீடம் என்றால் கணக்கீடும் முகாமைத்துவமும் கூட வரும். கலைப் பீடம் என்றால் புவியியலோ சமூகவியலோ அரசியல் விஞ்ஞானமோ கூட வரலாம். கலைப் பீடங்களில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் பெரும்பாலும் முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். "முதல் வருடம்தானே, ஆறுதலாகப் பார்ப்போம்" என்று விட்ட பிள்ளைகள் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். வேலைச் சந்தையில் அந்த வித்தியாசம் தெரியும்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வணிகப் பிரிவுக் கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும்; போன வருடத்தைப் பார்த்து மனம் உடையவும் வேண்டாம், கொட்டம் அடிக்கவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருட மாணவர் கைநூலை எடுத்து, எந்தக் கற்கைநெறிக்கு என்ன தகுதி என்று நீங்களும் மகளும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். ரியூசன் மாஸ்டர் சொன்னார் என்று நிரப்பாதீர்கள்.

வேலை. இலங்கைத் திட்டமிடல் சேவை, நிர்வாக சேவை, உள்நாட்டு இறைவரித் திணைக்களம், தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம், மத்திய வங்கி, வர்த்தக வங்கிகள், ஆசிரியர் சேவை. அரச சேவைகளுக்குப் போட்டிப் பரீட்சை உண்டு, வயது எல்லையும் உண்டு, அதனால் பட்டம் முடியும் வரை காத்திருக்காமல் நுண்ணறிவு வினாத்தாள்களைச் செய்து பழக வேண்டும். திட்டமிடல் சேவையை நம் பெற்றோர் அதிகம் அறிவதில்லை. கச்சேரியிலும் மாகாண சபையிலும் எந்தக் குளத்தைத் திருத்துவது, எந்த வீதிக்குக் காசு ஒதுக்குவது என்று பார்க்கும் வேலை அது. பொருளியல் படித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான கதிரை இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் கொழும்பில் கொள்கை ஆய்வு நிறுவகம் இருக்கிறது, விவசாயத்துக்கு ஹெக்டர் கொப்பேகடுவ நிறுவகம். அங்கெல்லாம் ஆங்கிலம் இல்லாமல் வாசலுக்குள் போக முடியாது. சிங்களமும் தெரிந்தால் எங்கே போட்டாலும் சமாளிப்பாள்.

மைத்துனர் சொல்லும் கணக்காளர் பரீட்சை நல்ல வழிதான், சம்பளமும் வேகமாக வரும். கணக்கீட்டுக்கு பி எடுத்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே ஏ.ஏ.டி. எனும் ஆரம்பநிலைக் கணக்கீட்டுப் பரீட்சையை எடுத்துப் பார்க்கலாம், பிடித்தால் தொடரலாம். இரண்டும் ஒன்றையொன்று அடிக்காது. முகாமைத்துவத்தைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல வரவில்லை, ஆனால் பிடிக்காத பிள்ளையைப் பிடித்து அதில் உட்கார வைத்தால் நான்கு வருடமும் உங்களோடு கோபித்துக்கொண்டுதான் படிப்பாள்.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்க மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் ஆங்கில வகுப்பு ஒன்று, எக்செல் பழக ஒரு கணினி, சாதாரண தரக் கணிதப் புத்தகத்தின் அட்சரகணிதப் பகுதி, இவ்வளவும் போதும். உங்கள் போகக் கணக்கை அவளிடம் கொடுங்கள்: விதைநெல், உழவு, உரம், கிருமிநாசினி, வெட்டுக்கூலி, வட்டி எல்லாவற்றையும் எக்செலில் போட்டு, மூடைக்கு என்ன செலவு விழுந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கூலியையும் கணக்கில் போட வேண்டும் என்று அவளாகவே சொன்னால் பொருளியலுக்கு முதல் விருப்பம் போடுங்கள். ஒரு மாலை முழுக்க இருந்தும் அலுப்பாக இருக்கிறது என்று எழும்பினால், என்னோடு ஒருமுறை கதைக்கச் சொல்லுங்கள், படிவம் அனுப்புவதற்கு முன்.

தூரம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு: வந்தாறுமூலைக்கு வீட்டிலிருந்து போய் வரலாம், பாலத்தால் நகருக்கு வந்து திருகோணமலை வீதி பஸ் எடுத்தால் சரி. ஆனால் முதலாம் வருடம் விடுதி கிடைத்தால் விடுதியில் விடுங்கள். நூலகம் பின்னேரத்திலும் திறந்திருக்கும், கணக்குச் செய்யக் கூட்டாளிகளும் இருப்பார்கள். தினமும் இரண்டு பஸ் ஏறி இறங்குகிற பிள்ளைக்கு அந்த நேரம் கிடைக்காது.