நல்ல வெயில் அடித்தும் நவரை நெல்லில் கருக்காய் ஏன்?

கேள்வி: வந்தவாசி பக்கம் இரண்டு ஏக்கரில் ஏடிடி 45 ரக நெல்லை நவரைப் போகத்தில் (மார்கழி, தை விதைப்பு) வைத்தேன் சார். நிலத்தில் தண்ணீர் வடிய நாளானதால் தை 10-க்குத்தான் நாற்று விட்டேன். சித்திரை பிறக்கும்போது பூத்தது. வெயிலுக்கும் தண்ணீருக்கும் குறையே இல்லை. ஆனாலும் கதிரில் பாதி கருக்காய் (அரிசி பிடிக்காத பதர்), மணியும் சிறுத்துவிட்டது. பக்கத்துக் கொல்லைக் கரும்பு அதே வெயிலில் தளதளவென்று நிற்கிறதே, எப்படி?

பதில்: கரும்பையும் நெல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வெயில்தான். அதைச் சத்தாக மாற்றும் விதம் வேறு.

இலை வெயிலை வாங்கி, காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகிறது. நெல் இலையில் இந்த வேலையைச் செய்யும் நொதி, சூடு ஏற ஏறத் தடுமாறி ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். 25–30 டிகிரியிலேயே சேர்த்த சத்தில் ஏறக்குறைய கால் பங்கு இப்படி வீணாகிறது. 38 டிகிரியில் கேட்கவே வேண்டாம். கரும்பு, கம்பு, சோளம், மக்காச்சோளம் இவையெல்லாம் கரியமில வாயுவைச் செறிவாக்கி அந்த நொதியிடம் கொடுப்பதால், 35 டிகிரியிலும் களைப்பதில்லை.

அப்புறம், இரவுச் சூடு. பகலில் சேர்த்ததில் ஒரு பங்கைப் பயிர் இரவில் சுவாசித்தே செலவழிக்கும். சூடு கூடினால் செலவும் கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்குகளை வைத்து 2004-ல் வந்த ஆய்வு, கோடைப் போகத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. சித்திரையில் உங்கள் பக்கம் பல இரவுகள் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. போதாததற்கு, சூட்டில் பால் பிடித்து முற்றும் நாட்களும் குறைகின்றன. மணி சிறுத்தது இதனால்தான்.

கருக்காய்க்குக் காரணம் பெரும்பாலும் பூத்த நேரம். நெல் காலை 9 மணியிலிருந்து நண்பகலுக்குள் பூக்கும். அப்போது 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணியே பிடிக்காது.

அதனால் உரத்தைக் கூட்டுவதில் பலன் இல்லை, நாளைத்தான் மாற்ற வேண்டும். மார்கழி பிறந்ததும் நாற்று விட்டால் மாசிக் கடைசிக்குள் பூத்துவிடும். நிலம் வடியும்வரை காத்திருக்காதீர்கள். மேட்டில் நாற்றங்கால் போடுங்கள். வயல் வடியும்போது நாற்று தயாராக இருக்கும். அதுவும் தள்ளிப்போய்விட்டதா? அந்த வருடம் நெல்லை விட்டுவிட்டு மாசிப் பட்டத்தில் இறவைக் கம்பு போடுவதே நல்லது என்பேன். ஏற்கெனவே நட்டு, பூப்பு வெயிலில் மாட்டிக்கொண்டால் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். ஈரம் இருந்தால் பயிர் நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பூக்கும் நாட்களில் காலையில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், மாலையில் அடியுங்கள்.

களத்தில் கருக்காய் இன்னும் கிடந்தால் ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் உமி என்றால் பூப்பில் பட்ட அடி. பாதி அரிசி இருந்தால் பால் பிடிக்கும்போது வந்த குறை. உமியில் கரும்புள்ளி தெரிந்தால் அது வெயிலின் வேலை அல்ல, கதிர் நாவாய்ப்பூச்சியாக இருக்கலாம். எது அதிகம் என்று எழுதுங்கள், அதற்கேற்ப அடுத்த போகத்துக்குச் சொல்கிறேன்.