உரிமையாளர் சொல்லும் சதுர அடியும் நாங்கள் அளந்த சதுர அடியும் ஏன் பொருந்தவில்லை?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் மேல்மாடியில் அலுவலகம் எடுக்கப் பார்க்கிறீர்கள். உள்ளே நாடா பிடித்தால் 1,000 சதுர அடிதான் வருகிறது, உரிமையாளரோ 1,150க்கு வாடகை கேட்கிறார், இது ஏமாற்றா என்பது உங்கள் கேள்வி. வன்னியில் கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் வேலை செய்கிறேன். ஏமாற்றாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆனால் அந்த 150 எங்கிருந்து வந்தது என்று கேட்டு அறியாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

மேசை போட்டு வேலை செய்கிற இடம் பயன்பாட்டுப் பரப்பு. அதோடு பொது நடைவழி, மலசலகூடம், வரவேற்பிடம் ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்தால் வாடகைப் பரப்பு. அந்த மாடியில் எல்லா அலுவலகங்களும் சேர்ந்து 4,000 சதுர அடி, பொது இடம் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது நாலில் ஒன்று, ஆகவே 600இலும் நாலில் ஒன்று, 150. இப்படி வந்திருந்தால் கணக்கு நேர்மையானது. அமெரிக்காவில் 1915இலேயே முதல் அளவீட்டு விதிகளை வெளியிட்ட போமா என்ற கட்டட உரிமையாளர் சங்கத்தின் முறையும் இந்த அடிப்படைதான். அதில் வெளிச்சுவரின் உட்புறம் வரைதான் அளப்பார்கள், பக்கத்து அலுவலகத்தோடு பொதுவான சுவர் என்றால் அதன் நடு வரை. அறைக்குள் நிற்கும் தூணைக் கழிப்பதில்லை.

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது வேறு. கட்டடத்தை வெளியே சுற்றி அளந்து, அதையே வாடகைக்கும் சொல்லிவிடுவார்கள். உள்ளே 40க்கு 25 அடி அறை, நாலு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் என்றால் வெளியளவு 41.5க்கு 26.5. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 1,100. நூறு சதுர அடி சுவருக்குள் போய்விட்டது! அதற்கு மாதாமாதம் வாடகை கட்டுவது அநியாயம், நிச்சயமாகப் பேசிக் குறைக்க வேண்டும். கீழ்க்கடையின் விறாந்தையை மேல்மாடிக்காரர் தலையில் கட்டுவதும் அப்படித்தான்.

சரி, கணக்கு நேர்மையானதே என்றாலும் வேறு கட்டடத்தோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. இங்கே சதுர அடி 100 ரூபா என்றால் 1,150க்கு 115,000. இன்னொருவர் அதே 1,000 சதுர அடியை, பொது இடம் சேர்க்காமல், 108 ரூபாவுக்குத் தந்தால் 108,000தான். விலை கூடத் தெரிகிற இடம் உண்மையில் மலிவு.

உரிமையாளரிடம் மாடி வரைபடத்தின் பிரதி கேளுங்கள். எதெல்லாம் பொது இடம் என்று அதில் நிறம் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். நொத்தாரிசிடம் போகும்போது இருவரும் அதில் கையொப்பமிட்டு உடன்படிக்கையோடு இணைத்துவிடுங்கள்.