பெற்றோருக்குக் கட்டும் அறை: தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். இருக்கிற வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டி, வயதான அப்பாவையோ அம்மாவையோ கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் அப்பாவுக்கும் நான் இப்படி ஓர் அறை கட்டியவன். அதில் செய்த தப்பும் நடுவில் வரும்.

அப்பாவுக்கு 72 வயது. நன்றாக நடக்கிறார். கைப்பிடிக் கம்பி, சாய்தளம் என்று பேச்செடுத்தாலே "நான் என்ன நோயாளியா?" என்று கோபப்படுகிறார். இதெல்லாம் இப்போதே தேவையா?

கம்பி இப்போது வேண்டாம். கம்பியைத் தாங்கும் சுவர் இப்போதே வேண்டும்.

என் தப்பு இதில்தான். அப்பாவின் குளியலறைச் சுவரை ஹாலோ பிளாக்கில் கட்டினேன். நான்கு வருடம் கழித்துக் கம்பி மாட்டத் துளை போட்டால், ட்ரில் பிட் உள்ளே வெற்றிடத்தில் போய் விழுகிறது. எப்படியோ பிளக் அடித்து மாட்டினோம். ஒரு நாள் அப்பா எழுந்திருக்கும்போது கம்பி பூச்சோடு கையில் வந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் உட்காரும் இடம் இருந்தது. அப்பாவின் எடை 68 கிலோதான். ஆனால் கால் வழுக்கும்போது ஒருவர் இழுக்கிற இழுப்பு அவருடைய எடையோடு நிற்காது. அமெரிக்க விதிகளில் இந்தக் கம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே டாய்லெட்டுக்குப் பக்கத்துச் சுவரிலும் குளிக்கும் இடத்திலும், தரையிலிருந்து இரண்டடி முதல் நாலரை அடி வரை பிளாக்கின் ஓட்டைகளைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிடச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அப்பா காதில் இது விழவே வேண்டாம்.

இதே கணக்குத்தான் எல்லாவற்றுக்கும். பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடியதைப் பின்னால் பார்க்கலாம். பின்னால் இடிக்க வேண்டி வருவதை விடக்கூடாது. கதவு திறந்த பிறகு 32 அங்குலம் வழி இருக்க வேண்டும். அதற்குக் கதவு நிலை 36 அங்குலமாவது வேண்டும். சக்கர நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி விட்டம் தேவை. சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் கணக்கு. வாசலில் மூன்று படி, 18 அங்குல உயரம் என்றால் 18 அடி நீளம் வேண்டும். வரைபடத்தில் ஆறடிக்கு ஒரு கோடு இழுத்துச் "சாய்தளம்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அது சறுக்குமரம். அந்த 18 அடியை இப்போது கட்ட வேண்டாம், சுவரோரமாக இடம் விட்டு வைத்தால் போதும். அதுவரை அங்கே பூச்செடி இருக்கட்டும்.

அம்மாவுக்கு எட்டுக்கு ஐந்து அடியில் குளியலறை போதுமா? மேஸ்திரி போதும் என்கிறார்.

இன்றைக்குப் போதும். இன்னொருவர் உள்ளே நின்று உதவி செய்ய வேண்டிய நாளில் போதாது. படுக்கையறையில் இரண்டடியைக் குறைத்துக் குளியலறைக்குக் கொடுங்கள். படுக்கையறை கொஞ்சம் சின்னதாக இருந்து யாரும் விழுந்ததில்லை.

அளவை நாடா வைத்து எடுப்பதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்வேன். சுவர் எழும்பியதும், பூச்சுக்கு முன், ஒரு நாற்காலியை டாய்லெட் வரப்போகும் இடத்தில் போட்டு அம்மாவை உட்காரச் சொல்வேன். "இப்போ எழுந்திருங்க, அம்மா" என்பேன். எழும்போது கை தானாக ஒரு இடத்துக்குப் போகும். சிலருக்கு முன்னால், சிலருக்குப் பக்கத்தில், மூட்டு வலி உள்ளவர்களுக்கு இன்னும் கீழே. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. புத்தகம் 33 முதல் 36 அங்குல உயரம் என்கிறது. ஒரு முறை சுமார் நாலே முக்கால் அடி உயரமுள்ள ஓர் அம்மாவுக்குக் கோடு 29-இல் விழுந்தது. 29-இல்தான் மாட்டினோம்.

டாய்லெட் இருக்கையின் உயரமும் அப்படியே. வழக்கமாக வருவது 15 அங்குலத்தை ஒட்டி இருக்கும். முழங்கால் வலிக்கு 17 முதல் 19 வரை சௌகரியம். வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து அம்மா சிரமமில்லாமல் எழுகிறாரோ அதன் உயரத்தை அளந்து கொண்டுபோய்ப் பொருள் வாங்குங்கள்.

அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் பள்ளமோ மேடோ கூடாது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஓர் அங்குலம் இறக்கித்தான் கட்ட வேண்டும் என்பார் மேஸ்திரி. வேண்டாம், தண்ணீர் ஓடும் சரிவை, அதாவது வாட்டத்தை, சரியாக விட்டால் போதும். குளிக்கும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், கடைசியில் நீளமான வடிகால். ஆனால் அதற்குத் தளம் போடும்போதே அந்தப் பகுதியைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் நாளில் இதைச் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கதவு வெளியே திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டியே கிடக்கலாம். உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளினால் அவரைத்தான் தள்ளுகிறீர்கள்.

அப்புறம் வெந்நீர். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஐந்து நொடியிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரியில் அதே காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும், கையை எடுக்க நேரம் கிடைக்கும். அதற்காக ஹீட்டரையே ரொம்பக் குறைத்து வைக்காதீர்கள். தொட்டியில் வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளரும். தொட்டி சூடாகவே இருக்கட்டும், குழாய்க்கு முன்னால், வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் மிக்ஸர் வையுங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது கையால் தடவிப் பார்த்துப் பயனில்லை. ஒன்றைக் கீழே வைத்து, தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் விட்டு, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள்.

பழைய சுவரில் அங்கங்கே செங்கலைத் தட்டி எடுத்து, அதில் புதுச் சுவரைக் கோத்துவிட்டால் பிடிப்பாக இருக்குமாம். சரியா?

எனக்கு உடன்பாடில்லை. பழைய வீடு இருபது முப்பது வருடத்தில் இறங்க வேண்டிய அளவு மண்ணில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதிய பகுதி இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கோத்துக் கட்டினால், இறங்குகிறது ஒன்று, இறங்க மாட்டேன் என்கிறது ஒன்று. நடுவில் கிழிவது சுவர். மேல்பூச்சு பூசிப் பூசி மறைத்தாலும் வருடா வருடம் அதே கோடு திரும்ப வரும்.

பிரிந்தே நிற்கட்டும். புதிய பகுதிக்குத் தனித் தூண், தனி அஸ்திவாரம். நடுவில் சுமார் ஓர் அங்குல இடைவெளி. அதில் வளைந்து கொடுக்கும் பொருளை நிரப்பி, மேலே ஓர் அலுமினியப் பட்டை. பட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் திருகுங்கள். இரண்டு பக்கமும் திருகினால் இடைவெளி விட்டதற்கே அர்த்தமில்லை. மேல்தளத்தில் இந்த இடைவெளிதான் மழைநீருக்கு வாசல். இரண்டு பக்கமும் தளத்துக்கு மேல் சின்னக் கட்டை எழுப்பி, அதன்மேல் தகட்டு மூடி போட வேண்டும். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவும் கூடாது. பழைய வீடு நிற்கிற மண்ணே சரிந்துவிடும். அப்படித் தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும்.

தரைமட்டத்தை மட்டும் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப்பின் ஒரு முனையைப் பழைய ஹாலில் பிடித்து, மறு முனையைப் புது அறையில் பிடித்துக் குறிப்பார்கள். அப்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். டைல்ஸின் கனமும் கலவையின் கனமும் சேர்த்து எங்கே வரும் என்று கேளுங்கள். முழு படி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், காலைத் தூக்குவார்கள். அரை அங்குல மேடுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கீழே இடமில்லை. மாடியில் கட்டி அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

மாடியில் கட்டுங்கள், நீங்கள் மேலே போங்கள். அம்மா கீழே இருக்கட்டும். சில சமயம் இருக்கிற அறையில் ஒரு குளியலறையைத் திருத்தினாலே வேலை முடிந்துவிடும். கட்டவே வேண்டாம் என்று சொல்கிற பொறியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் வீட்டுக்கும் மாமனார் பகுதிக்கும் நடுவில் ஒரு கதவு வருகிறது. தாழ்ப்பாள் எங்கள் பக்கமா, அவர் பக்கமா? வீட்டில் இதற்கே சண்டை.

சண்டை போட வேண்டிய விஷயம்தான். டைல்ஸ் நிறத்துக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழியுங்கள்.

என் அனுபவத்தில், தாழ்ப்பாள் உங்கள் பக்கம் மட்டும் இருந்தால் அவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். அவர் பக்கம் மட்டும் இருந்தால், இரவில் அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் கதவை உடைக்க வேண்டும். இரு பக்கமும் பூட்டிக்கொள்ளலாம், ஆனால் அவர் பூட்டியதை உங்கள் பக்கத்திலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்க முடிய வேண்டும். நாணயத்தால் திறக்கும் அந்த மாதிரிப் பூட்டு குளியலறைக் கதவுகளுக்கென்றே வருகிறது. அதைப் போடுங்கள். குமிழ் வேண்டாம், அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடி போதும். விரல் மடங்காதவர் முழங்கையால்கூடத் திறந்துவிடுவார்.

கூடவே அவருக்கென்று தெருப்பக்கம் ஒரு வாசலும் வேண்டும். அவரைப் பார்க்க வருகிறவர் உங்கள் ஹாலைத் தாண்டி வந்தால், முதல் மாதம் நாலு பேர் வருவார்கள், ஆறாம் மாதம் ஒருவரும் வர மாட்டார்கள். அப்புறம் ஒன்று. பூட்டு எப்படி இருந்தாலும், நீங்கள் போகும்போது தட்டிவிட்டுப் போங்கள்.

மாமியாருக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது என்கிறார் மருத்துவர். கட்டும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

முதலில் தரை. பளபளக்கும் தரை அவர் கண்ணுக்கு ஈரமாகத் தெரியலாம். வெளிர் தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியலாம். வாசலில் தயங்கி நிற்பார், நாம் பிடிவாதம் என்று நினைப்போம். அறை முழுக்க ஒரே நிறம், மினுக்கம் இல்லாத தரை போதும். அதே நேரம் டாய்லெட் இருக்கை மட்டும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் பிரிந்து தெரியும் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கம்பியும் வேண்டாம்.

கட்டிலிலிருந்து பார்த்தால் டாய்லெட் நேராகத் தெரிகிற மாதிரி கதவை அமையுங்கள். இரவில் கண்ணில் பட்டால் தேட மாட்டார். வெளிச்சத்தில் தாராளம் காட்டுங்கள். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பல்ப் நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. கட்டிலிலிருந்து குளியலறை வரை, ஆள் நடந்தால் தானாக எரியும் சிறு விளக்குகளைத் தரையோரமாகப் பதிக்கலாம். இதற்கான வயரைப் பூச்சுக்கு முன்பே இழுத்துவிட வேண்டும்.

அம்மா தனியாகச் சமையலறை கேட்கிறார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பா?

ஆமாம், கட்டிக் கொடுங்கள். ஆறடி மேடை, ஒரு தொட்டி, ஓர் அடுப்பு. அடுப்பு தானாக அணையும் வகையாக இருக்கட்டும். அவர் தினமும் சமைப்பாரா என்பது கேள்வியே இல்லை. வரைபடத்தை அனுமதிக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்று விசாரியுங்கள். முழுச் சமையலறை வந்தால் அதைத் தனிக் குடியிருப்பாகக் கணக்கில் எடுக்கும் விதிகள் பல இடங்களில் உண்டு. வரி, மீட்டர், வாகன இடம் எல்லாம் மாறலாம்.

வீடு அப்பா பெயரில். பணம் போடுவது நான். தம்பியும் தங்கையும் "பரவாயில்லை அண்ணா, கட்டு" என்கிறார்கள். போதாதா?

இன்றைக்கு அப்பா உட்கார்ந்திருக்கும்போது சொல்கிறார்கள். அவர் இல்லாத நாளில் வீடு எல்லாருக்கும் பொது, பில் மட்டும் உங்களிடம் என்று ஆகிவிடும். சட்டம் இடத்துக்கு இடம் வேறு, அதற்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவரிடம் போகும்முன் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு போட்டார்கள், விற்றாலோ பிரித்தாலோ அந்தத் தொகை எப்படித் திரும்பும், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் செலவில் யாருக்கு என்ன பங்கு. மூன்றாவதை எழுதும்போதுதான் எல்லார் முகமும் மாறும். அந்த முகமாற்றத்தை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது.

அப்பா டிவியை முழுச் சத்தத்தில் வைப்பார். எங்களுக்குக் கைக்குழந்தை.

நடுவில் அலமாரிச் சுவர் வைத்து, அதைத் துணியும் புத்தகமுமாக நிரப்புங்கள். கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சத்தம் சுவர் வழியாக வருவதைவிடக் கதவிடுக்கில்தான் அதிகம் வரும். அப்படியே அப்பாவின் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

எல்லாம் வரைந்தாகிவிட்டது. இப்போது அம்மா வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வரைபடத்தை அவரிடம் காட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் "நாங்கள் முடிவு செய்தோம்" என்பது மூன்று இடத்தில் வருகிறது. "நாங்கள்" என்பதில் அவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

நாலு சுண்ணாம்புக் கோடு போட்டு அறையை மண்ணில் வரைந்து, அவரை அதற்குள் நிற்க வையுங்கள். கட்டில் எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவரே சொல்லட்டும். ஜன்னலின் அடிமட்டத்தை இரண்டடியாக இறக்கினால் கட்டிலில் படுத்தபடியே வெளியே யார் போகிறார்கள் என்று பார்க்கலாம், கம்பி மட்டும் நெருக்கமாக வையுங்கள். அவருடைய பழைய பீரோவை இப்போதே அளந்து வாருங்கள். அது நிற்க வேண்டிய சுவரில் ஜன்னல் வந்துவிட்டதால், ஓர் அம்மா ஆறு மாதம் தன் புடவைகளைப் பழைய வீட்டிலேயே வைத்துவிட்டு, அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்தார்.