ஆப்கன் கிராமத்துப் பெண்களின் படிப்பும் தொழிலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆப்கானிஸ்தான் கிராமங்களில் பெண்களுக்கான எழுத்தறிவு, தொழிற்பயிற்சித் திட்டங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

இத்தனை தடைகளுக்கு நடுவில் அங்கே என்னதான் செய்ய முடியும் அக்கா? (கல்லூரி மாணவி, திருச்சி)

எது மூடப்பட்டது, எது மிச்சம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்மா. சிறுமிகள் ஆறாம் வகுப்பு வரை படிக்கலாம். மேல் வகுப்புகளை 2022 மார்ச் 23 அன்று திறப்பதாகத் தாலிபான் ஆட்சியாளர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும், தொண்டு நிறுவன வேலைகளும் பெண்களுக்கு மறுக்கப்பட்டன. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் படிப்புகளையும் நிறுத்திவிட்டார்கள்.

என்னால் ஆறவே முடியாதது இந்தக் கடைசித் தடைதான். 2002-இல் அங்கே ஒரு லட்சம் பிரசவங்களுக்கு சுமார் 1,600 தாய்மார்கள் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு கிராமமே தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்கள் மருத்துவச்சிகளாகப் பயின்று, தங்கள் ஊர்ப் பக்கமே திரும்பி வேலை பார்த்தார்கள். ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கும் குடும்பங்கள் இவர்களை நம்பி வந்தன. அடுத்த தலைமுறைக்கு அந்த வழி இப்போது அடைபட்டுக் கிடக்கிறது.

மிச்சம் இருப்பது ஆரம்பக் கல்வி, மதரசா, வீடுகளில் நடக்கும் வகுப்புகள், கைத்தொழில் பயிற்சி. கெடுபிடி மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

நல்லதாக ஒரு பள்ளிக் கட்டடம் கட்டிக் கொடுத்தால் போதாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

கட்டடத்தைவிடத் தூரம்தான் பெரிய விஷயம் ஐயா. கோர் மாகாணத்தில் 2007-இல் 31 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 13 கிராமங்களில் மட்டும் முதலில் உள்ளூர் வகுப்பு தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. வகுப்பு வந்த ஊர்களில், வராத ஊர்களைவிடப் பெண் பிள்ளைகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளி அதிகம். ஆண் பிள்ளைகளின் சேர்க்கை 35 புள்ளி அதிகம். அதாவது, சேர்க்கையில் இருந்த ஆண்-பெண் இடைவெளியே கிட்டத்தட்ட மறைந்துபோனது.

இதற்குச் செலவு அதிகமில்லை. மசூதியிலோ ஒரு வீட்டிலோ ஓர் அறை, பாய், கரும்பலகை, அரசுப் பாடப்புத்தகம், அந்த ஊரிலேயே ஓரளவு படித்த ஒருவர். ஊர்ப் பெரியவர்களின் சபையான ஷூரா சம்மதித்தால் தந்தைமார் தைரியமாக அனுப்புகிறார்கள். மகள் மலைப்பாதையில் தனியே நடக்க வேண்டும் என்றால்தான் யோசிக்கிறார்கள்.

அம்மா வயதுப் பெண்கள் படிக்க வருகிறார்களா? (இல்லத்தரசி, கோவை)

வருகிறார்கள். அடுத்த வீட்டிலேயே வகுப்பு இருக்க வேண்டும், மடியில் குழந்தையோடு உட்கார விட வேண்டும், அறுவடைக் காலத்தை விட்டுவிட வேண்டும். எழுத்தோடு எண்களையும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது நல்லது. வேறு ஊரில் வேலை பார்க்கும் கணவருக்குத் தானே நம்பர் பார்த்து போன் போடுவதும், மருந்து அட்டையில் காலாவதித் தேதியைப் படிப்பதும் உடனே கைகொடுக்கும். மாமியாரே மருமகளை வகுப்புக்கு விரட்டுவது அப்புறம்தான் நடக்கும்.

தையல் மிஷின் வாங்கி அனுப்பலாமா மேடம்? (தொழில்முனைவோர், திருப்பூர்)

அவசரப்படாதீர்கள். ஒரே ஊரில் முப்பது பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தால் துணி தைக்க யார் வருவார்கள்? யார் வாங்குவார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹெராத் பக்கம் குங்குமப்பூ நன்றாக விளைகிறது. இலையுதிர் காலத்தில் விடியற்காலையிலேயே பூப்பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைப் பெண்கள் விரல் நுனியால் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கிராம் காய்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும். கூலியை எடை பார்த்துக் கொடுக்கும் இடத்தில், தராசின் எண்ணைத் தானே படிக்கத் தெரிந்தவளை ஏமாற்றுவது கஷ்டம். வடக்கே துர்க்மேன் இனப் பெண்கள் நெய்யும் கம்பளத்திலும் இதே சிக்கல்தான். வியாபாரி கம்பளி கொடுத்துவிட்டுப் போவார், மாதக்கணக்கில் நெய்ததை வாங்கிக்கொண்டு போவார், சந்தையில் அது என்ன விலைக்குப் போனது என்று நெய்தவளுக்குத் தெரியாது. ஆகவே, கணக்கு எழுதச் சொல்லித்தராத தொழிற்பயிற்சியை நான் அரைப் பயிற்சி என்றே சொல்வேன்.

ஆன்லைனில் சொல்லிக்கொடுத்தால்? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

நகரத்தில் பலருக்கு உதவுகிறது. கிராமத்தில் ரேடியோதான் கைகொடுக்கும். 2021 மார்ச் 8 அன்று காபூலில் தொடங்கிய ரேடியோ பேகம் பாடங்களை ஒலிபரப்பியது. 2025 பிப்ரவரியில் அதையும் சோதனை போட்டுச் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்க இணையமே இரண்டு நாள் இல்லை. மெமரி கார்டில் பாடங்களை ஏற்றிக் கொடுப்பது பாதுகாப்பான ஏற்பாடு.

நன்கொடை தருமுன் என்ன கேட்க வேண்டும்? (பலர்)

ஆசிரியை அதே ஊர்க்காரரா, சம்பளம் மாதாமாதம் போகிறதா, செய்த பொருளை வாங்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். சகீனா யாகூபி 1995-இல் தொடங்கிய ஆப்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் லேர்னிங், முதல் தாலிபான் ஆட்சியிலேயே 80 ரகசிய வீட்டுப் பள்ளிகளுக்கு உதவியது. அந்த மாதிரி உள்ளூர் வேர் உள்ள அமைப்புகளைத் தேடுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: படிக்கும் பெண்களின் புகைப்படம். யாராவது அனுப்பினாலும் பகிர வேண்டாம். முகமோ, வீட்டு வாசலோ தெரிந்தால் அந்த வகுப்பு மறுநாள் இருக்காது.