எல்லை ஊர்களில் கருத்தடை, கருக்கலைப்பு பற்றிப் பெண்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: சமூகவியலில் பிஎச்.டி. ஆய்வு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கம் தமிழ்ப் பெண்களிடம் நேர்காணல் எடுக்க வேண்டும். கல்லூரியில் வகுப்பும் எடுக்கிறேன்; சில மாணவர்கள் தமிழ் வழியில் படித்தவர்கள். எதில் கவனம் தேவை?

முதலில் கேள்வித்தாளின் தமிழ். ‘இனப்பெருக்க ஆரோக்கியம்’ என்று ஆரம்பித்தால் மாட்டுப் பண்ணைக் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘கருக்கலைப்பு செய்ததுண்டா?’ என்று நேராகக் கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் பதில். “எத்தனை தடவை முழுகாம இருந்தீங்க? எத்தனை தங்குச்சு?” என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத இடத்தில் பேச்சு தானாகத் திறக்கும்.

அங்கே வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘கலைஞ்சிடுச்சு’ வேறு, ‘கலைச்சோம்’ வேறு. ‘அபார்ஷன் ஆயிடுச்சு’ என்றால் தானாகப் போனது. ‘அபார்ஷன் பண்ணிக்கிட்டேன்’ என்றால் செய்துகொண்டது. ஒலிப்பதிவை நேரே ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒரே சொல்லாகி, எண்ணிக்கையே தப்பாகும். ஆகவே தமிழில் அப்படியே எழுதிவிட்டுப் பிறகு மொழிபெயருங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். ‘கலைச்சோம்’ என்பதில் ‘நாங்கள்’ யார் யார் என்று கேட்க மறக்காதீர்கள். முடிவெடுத்தது கணவனா, மாமியாரா என்பது அந்த ஒரு விகுதியில்தான் ஒளிந்திருக்கிறது.

‘ஆபரேஷன் ஆச்சு’ இன்னொரு பொறி. சிசேரியனாக இருக்கலாம், கு.க.வாக (குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை) இருக்கலாம், கர்ப்பப்பையை எடுத்ததாகவும் இருக்கலாம். மலையாள ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘பிரசவம் நிறுத்தி’ என்று வந்தால் அது கு.க.

ஊரின் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளர் வீட்டைக் காட்டட்டும், கூட உட்கார வேண்டாம். கருத்தடை பற்றி அவர் முன்னால் வருவது பாடப்புத்தகப் பதில்தான். தோட்டப் பகுதிக்குப் போனால் லயத்துக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பேசாதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கையெழுத்து, கைநாட்டு என்றால் கடன் பத்திர நினைப்பு வரும். அதனால் வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. கருத்தடை பலிக்காமல் போனதைக் காரணமாகக் காட்டும் பிரிவில் ‘மணமான பெண், கணவன்’ என்றிருந்ததை 2021 திருத்தம் ‘பெண், துணைவர்’ என்று மாற்றியது. கர்ப்பமானவர் 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டப்படி தகவல் தரும் கடமை உங்களுக்கும் உண்டு. ‘எதையும் வெளியே சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வகுப்பில் இந்த நேர்காணல்களைப் படிக்கவே கூடாது என்பேன். பெயரை எடுத்தாலும், ‘ரேஷன் கடைக்குப் பின்வீடு, மூணு பெண்பிள்ளை’ என்றால் அதே ஊர் மாணவிக்குத் தெரிந்துவிடும். 2023-இல் கேரள அரசு மாணவிகளுக்கு மாதவிடாய்க்காக வருகைப்பதிவை 75-லிருந்து 73 சதவீதமாகக் குறைத்ததை விவாதத்துக்கு எடுங்கள். அதில் யாருடைய வீடும் இல்லை. கலைச்சொற்களைப் பலகையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். பெயரில்லாத சீட்டில் கேள்வி வாங்கினால், படிப்பது நீங்களாகவே இருக்கட்டும். தமிழில் எழுதுபவர் நாலே பேர் என்றால், சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் யாரென்று வகுப்புக்கே தெரியும்.