தேவதைக்கதையில் சிரிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். தெரிந்த தேவதைக்கதை ஒன்றை வேடிக்கையாக மாற்றி எழுதி வரும்படி சொன்னேன். வகுப்பே குதூகலமானது. ஆனால் எழுதி வந்ததைப் படித்தபோது சோர்வுதான் மிஞ்சியது. பாதிப்பேர் சிண்ட்ரெல்லாவின் கையில் செல்போனைக் கொடுத்திருந்தார்கள். ஓநாய்க்குக் கறுப்புக் கண்ணாடி. மற்ற பலருக்கு மாற்றாந்தாய் மகள்களின் பருமன்தான் நகைச்சுவை. முதல் பத்தியில் சிரிப்பு வருகிறது, பிறகு கதை நகரவே இல்லை. நகைச்சுவை பிறவியிலேயே வருவதா, சொல்லிக்கொடுக்க முடியுமா? இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?

அன்புடன்,
ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொல்லிக்கொடுக்க முடியும். அதற்குத் தேவதைக்கதையைவிட நல்ல களம் இல்லை. அடுத்து என்ன வரும் என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அதை மீறும்போது சிரிப்பு வரும். சாதாரணக் கதையில் அந்த எதிர்பார்ப்பை எழுதுபவர் வரிவரியாகக் கட்டி எழுப்பவேண்டும். தேவதைக்கதையில் அது தயாராக இருக்கிறது. மணி பன்னிரண்டு அடித்தால் சிண்ட்ரெல்லா ஓடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செல்போனில் தவறில்லை. அதைக் கொடுத்துவிட்டு மாணவர் அங்கேயே நின்றுவிட்டார் என்பதுதான் சிக்கல். இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொடாரி 1973இல் வெளிவந்த தன் நூலில் இப்படி ஒரு பயிற்சியைச் சொல்கிறார்: சிறுமி, காடு, பூக்கள், ஓநாய், பாட்டி என்று சிவப்புத் தொப்பிக் கதையின் ஐந்து சொற்களைக் கொடுத்துவிட்டு, ஆறாவதாக ஹெலிகாப்டர் என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது. அந்த அந்நியச் சொல்லைக் கதை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் கற்பனை வேலை செய்கிறது. உங்கள் மாணவர்களின் செல்போனும் அப்படிப்பட்ட ஆறாவது சொல்தான். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவளிடம் போன் இருந்தால் இளவரசன் ஏன் செருப்பைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக அலையவேண்டும்?

இந்தக் கேள்வியில் கதை உடைந்துவிடும். உடையட்டும். அதை ஒட்டவைக்கும் முயற்சியில்தான் நகைச்சுவை பிறக்கும். ஒருவேளை அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது, கடைசி இரண்டு இலக்கங்களைச் சொல்லாமலே ஓடிவிட்டாள். இளவரசன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து 00 முதல் 99 வரை வரிசையாக அழைக்கிறான். எடுக்கும் ஒவ்வொருவரிடமும் மிகுந்த மரியாதையோடு கால் அளவு கேட்கிறான். முப்பத்தேழாவது ஆள் திட்டுகிறார். மாற்றியது ஒன்றைத்தான், மற்றதெல்லாம் அதன் விளைவு. ஒன்றை மாற்று, அதன் விளைவைக் கடைசிவரை துரத்து: வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்க விரும்புவது இதை மட்டும்தான். பத்தை மாற்றினால் வாசகரின் எதிர்பார்ப்பே கலைந்துவிடும், மீறுவதற்கு ஒன்றும் இருக்காது.

எழுதுவதற்கு முன் மூலக்கதையை வகுப்பில் முழுசாக வாசியுங்கள். பலருக்கும் தெரிந்தது திரைப்பட வடிவம் மட்டுமே. பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்கிறது, கதை முடிந்துவிடுகிறது. வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றும் வேட்டைக்காரன் ஜெர்மானியக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையில் வருபவன். அவர்களுடைய தவளை இளவரசனுக்கு முத்தம் கிடையாது, இளவரசி அவனைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள். அவர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில், 1819இல், அவர்களே அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சௌதி 1837இல் அச்சிட்ட மூன்று கரடிகள் கதையில் கஞ்சியைக் குடித்தது பொன்முடிச் சிறுமி அல்ல, ஒரு கிழவி. இதையெல்லாம் கேட்டால் மாணவர்களின் தயக்கம் போய்விடும். இந்தக் கதைகளை மாற்றாமல் சொன்னவர்களே குறைவு.

மூலத்தை வாசிப்பதில் இன்னொரு லாபம், கதையில் யாரும் கவனிக்காத மூலைகள் கண்ணில் படும். பெரோவின் சிண்ட்ரெல்லா கதையில் தேவதை ஆறு சுண்டெலிகளைக் குதிரைகளாக்குகிறாள், ஆறு பல்லிகளைச் சேவகர்களாக்குகிறாள். வண்டிக்காரனுக்காக மூன்று எலிகளில் மீசை பெரிதாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த எலி என்ன ஆனான்? எனக்கு அவன்மேல் பெரிய பிரியம் உண்டு. அவன் கையில் கடிவாளம், வண்டியை இழுப்பதோ அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள். அரண்மனை வாசலில் காத்திருக்கிறான், உள்ளேயிருந்து பாலாடைக்கட்டி வாசனை வருகிறது. வண்டியை விட்டு நகரக்கூடாது என்கிறது கடமை, நகரச் சொல்கிறது மூக்கு. எதிரே அரண்மனைப் பூனை, புதிய வண்டிக்காரனை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாணவர் இதை எலியின் குரலில் எழுதட்டும். ஆனால் எலி சிரிக்கக்கூடாது. தன் வாழ்வின் மகத்தான மாலையை அவன் உண்மையான பெருமிதத்தோடு சொல்லவேண்டும். சொல்பவர் தீவிரமாக இருந்தால்தான் கேட்பவர் சிரிப்பார். "மிகவும் வேடிக்கையாக இருந்தது" போன்ற வரிகளை அடித்துவிடச் சொல்லுங்கள். கரடிக் குடும்பத்தின் கதையைக் காவல்நிலையப் புகார் மனுவாக எழுதச் சொன்னாலும் இந்தத் தீவிரம் தானாக வந்துவிடும், அந்த மொழிநடையே அவர்களைச் சிரிக்க விடாது.

உடல்கேலி விஷயத்தில் உறுதியாக இருங்கள். அந்த உடல்வாகுள்ள பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, இது ஒன்றே போதுமான காரணம். எழுத்து சார்ந்த காரணமும் உண்டு: பருமன் ஒரு செயல் அல்ல, அதிலிருந்து அடுத்த காட்சி பிறக்காது. பிடிவாதத்திலிருந்து பிறக்கும். கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதையில் மாற்றாந்தாய் சாம்பலில் பருப்பைக் கொட்டிப் பொறுக்கச் சொல்கிறாள். அந்தப் பழக்கத்தை அவளால் விடவே முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமண விருந்தில் அமைச்சரின் எதிரிலும் பருப்பைக் கொட்டுகிறாள், பாவம் அமைச்சரும் பொறுக்க ஆரம்பிக்கிறார்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். வகுப்பு எவ்வளவு சிரித்தது என்பதை அளவாக வைக்காதீர்கள். சத்தமாக வாசிக்கத் தெரிந்த மாணவருக்கே எல்லாம் போய்விடும். மூலக்கதை தெரிந்து எழுதியிருக்கிறாரா, செய்த மாற்றம் கடைசிவரை நிற்கிறதா, இரண்டாம் வரைவில் எதை நீக்கினார், இந்த மூன்றையும் பாருங்கள். முதல் வரைவுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். கையில் இருக்கும் கதைகளை ஒதுக்காமல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதற்குரிய கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓநாய்க்குப் பாட்டி வீட்டு இருட்டறையில் கண் தெரிந்ததா என்று கேளுங்கள். அந்த மாணவருக்கு எழுத நிறைய இருக்கும்.